எஃப்1 கேட்கிற கணினிகள்

காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிற புகார்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆன் ஆகவில்லை, ஆன் ஆகி அப்படியே நிற்கிறது, மெதுவாக ஓடுகிறது, பிரிண்டர் பேப்பர் இழுக்கவில்லை. ஐந்தாவது இது: "டேட் நிக்க மாட்டேங்குது பாய். தினம் காலைல ஆன் பண்ணா எஃப்1 அமுத்தச் சொல்லிக் கேக்குது."

திருநள்ளாறு சாலையை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பாய் 1990களின் நடுவிலிருந்து இந்த ஐந்தாவது புகாரைக் கேட்டுவருகிறார். ஊருக்கு அவர் பாய். மரைக்காயர் வீட்டுப் பையன்களுக்கு நானா. புகாரைக் கேட்டதும் அவர் கணினியைத் திறப்பதில்லை. "என்ன தேதி காட்டுது?" என்று கேட்பார். வருகிற பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். போர்டு தயாரான வருடத்தின் ஜனவரி 1 என்றால் செல் போய்விட்டது. தேதி சரியாக இருந்து ஒரு நாளைக்கு ஓரிரு நொடி பிந்துகிறது என்றால் படிகத்தின் குணம், வைத்தியம் தேவையில்லை. தேதி சரி, ஆனால் நேரம் சொல்லிவைத்தாற்போல் ஐந்தரை மணி தப்பு என்றால் பாய் நிமிர்ந்து உட்காருவார். அது செல் மாற்றித் தீர்கிற காரியமில்லை.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன என்று புரியவைப்பதிலேயே அவருடைய தொழில் வாழ்க்கையில் கணிசமான பகுதி போயிருக்கிறது. திரையின் ஓரத்தில் தெரிகிற நேரத்தை ஓட்டுவது விண்டோஸோ லினக்ஸோ. மின்சாரம் உள்ள வரைதான் அதற்கு உயிர். இன்னொன்று மதர்போர்டில் இருக்கிறது. கணினி அணைந்து கிடக்கும்போதும் ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள லித்தியம் செல்லைக் குடித்துக்கொண்டு அது தன்பாட்டுக்கு ஓடும். பவர் பட்டனை அழுத்தியபின் இயங்குதளம் எழுந்திருக்கிற அந்தச் சில நொடிகளில், இந்தச் சிறு கடிகாரத்திடம் ஒரே ஒரு முறை மணி கேட்டுத் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. அப்புறம் அன்று முழுக்கப் பிராசசரின் சொந்த எண்ணிக்கைதான். கேட்ட இடத்தில் தப்பான மணி கிடைத்திருந்தால், அன்று போடுகிற பில், அனுப்புகிற மெயில், சேமிக்கிற கோப்பு அத்தனையிலும் அதே தப்பு ஏறும்.

ஆதியில் இந்தச் சிறு கடிகாரம் கிடையாது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியை ஆன் செய்தால், டாஸ் முதலில் தேதி கேட்கும், பிறகு மணி கேட்கும். பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் என்டர் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அந்தக் கால ஃபிளாப்பிகளில் உள்ள கோப்புகள் பல 1980 ஜனவரி 1 அன்று பிறந்தவை. டாஸுக்குத் தெரிந்த முதல் நாள் அதுதான். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சிப்பு வந்தது. மொத்தமே 64 பைட் நினைவகம். அதில் 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும், மிச்சம் 50 பைட் ஹார்டு டிஸ்க் வகை போன்ற செட்டப் விவரங்களுக்கு. செல் போனால் மணியோடு சேர்த்து செட்டப்பும் அழிந்து, திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' வருவதற்கு இந்தக் கூட்டுக்குடித்தனம்தான் காரணம். இன்றைய போர்டுகளில் அந்தச் சிப்பு தனியாக இல்லை, சிப்செட்டுக்குள் கரைந்துவிட்டது. ஆனாலும் இயங்குதளம் இன்றும் பெரும்பாலும் அதே முறையில்தான், அதே 14 பைட் வரிசையில்தான் மணி கேட்கிறது.

மணி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிப்பு நொடிக்கு ஒரு முறை தன் எண்களை மாற்றும். 9:59:59 என்பது 10:00:00 ஆகிற அந்தக் கணத்தில் யாராவது எட்டிப் பார்த்தால், மணி பழசு, நிமிடம் புதுசு என்று 9:00:00 கிடைக்கலாம். ஒரு மணி நேரம் பின்னே. அதனால் 'மாற்றிக்கொண்டிருக்கிறேன், பொறு' என்று சொல்ல ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். சிப்பு நொடிக்குக் கீழே எதையும் சொல்லாது. ஆகவே லினக்ஸில் இந்த வேலைக்கென்று இருக்கிற 'ஹெச்டபிள்யூகிளாக்' என்ற கருவி, நொடி மாறுகிற விளிம்பு வரும் வரை காத்திருந்து அந்த இடத்தில் மணியைப் பிடிக்கும். பழைய கணினிகளில் கட்டளை கொடுத்ததும் ஒரு கணம் தயங்குவது தெரியும். அது ஹேங் ஆகவில்லை, காத்திருக்கிறது.

பாய் தொழிலுக்கு வந்தபோது மேசைக்கு வந்தவை 386, 486 போர்டுகள். அவற்றில் நாணய செல் கிடையாது. நீலநிறப் பீப்பாய் வடிவத்தில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வயதானால் அது ஒழுகும். ஒழுகிய காரம் சுற்றியுள்ள செப்புத் தடங்களைத் தின்றுகொண்டே போய் கீபோர்டு இணைப்பு வரை எட்டிவிடும். கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வினிகரில் நனைத்த பல்துலக்கும் பிரஷால் அந்தப் பச்சையைத் தேய்த்து எடுத்து, அறுந்த தடங்களுக்குப் பக்கத்தில் தலைமுடி அளவு கம்பி இழுத்து ஒட்டுப்போட்டு, பேட்டரியைக் கழற்றி வெளியே வயர் நீட்டிக் கட்டுவது அன்றைய அரைநாள் வேலை. மணி நிற்கவில்லை என்று வந்தவருக்குக் கீபோர்டு ஏன் போனது என்று விளக்குவது அதைவிடப் பெரிய வேலை.

வேறு சில போர்டுகளில் டாலஸ் நிறுவனத்தின் கறுப்புக் கட்டி இருக்கும். டிஎஸ்12887 என்று மேலே அச்சடித்திருப்பார்கள்; செல், படிகம், சிப்பு மூன்றையும் உள்ளே வைத்து எப்பாக்ஸி ஊற்றி மூடிய ஒரே பொட்டலம். செல் தீர்ந்தால் கட்டியையே மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் எண்ணம். புதுக்கட்டிக்குச் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். அதனால் தொழில்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவைத்திருந்தார்கள். ஹாக்ஸா பிளேடால் கட்டியின் பக்கவாட்டை மெல்ல ராவினால், மேலே மடித்துவிட்ட 16, 20ஆம் கால்கள் உள்ளே தட்டுப்படும். உள்செல்லுக்குப் போகிற தொடர்பை வெட்டிவிட்டு, இருபதில் பிளஸ், பதினாறில் மைனஸ் வைத்து வெளியிலிருந்து மூன்று வோல்ட் கொடுத்தால் கடிகாரம் மறுபடி ஓடும். கொஞ்சம் ஆழமாக ராவினால் எல்லாம் போச்சு.

பிறகு சிஆர்2032 வந்து எல்லாரையும் காப்பாற்றியது. இருபது மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம்; பெயரிலேயே அளவு இருக்கிறது. நகத்தால் கொக்கியைத் தள்ளினால் எகிறி வெளியே வரும். புதுச் செல் மல்டிமீட்டரில் 3.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 2.7க்குக் கீழே போனால் பாய் அதைத் திரும்பப் போடமாட்டார். பெட்டிக்கடை அட்டையில் பத்து பத்தாகத் தொங்குகிற மலிவுச் செல்களை அவர் வாங்குவதும் இல்லை. பிரித்த அன்றே 2.9 காட்டுகிற செல் எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப்படி பார்த்தால் இந்தச் செல் ஐந்து வருடம் ஓட வேண்டும். சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு; சிப்பு உறிஞ்சுவது சில மைக்ரோஆம்பியர்தான். அதுவும் கணினியின் பிளக் சுவரில் மாட்டியிருக்கும் வரை, அணைத்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் தருகிற ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் கடிகாரம் ஓடும், செல்லுக்கு ஓய்வு. நம் பழக்கம் வேறு. கடையை மூடும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்போம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஒரு தடவை, ஞாயிறு முழுக்க ஒரு தடவை. ஆக வருடத்தில் பாதிக்கு மேல் செல்தான் உழைக்கிறது. மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் இரண்டரை மூன்று வருடத்தில் எஃப்1 கேட்பதும், யூபிஎஸ்ஸோடு எப்போதும் மின்சாரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக் கணினிகளில் அதே செல் ஏழெட்டு வருடம் நிற்பதும் இதனால்தான். மின்சாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. திருமலைராயன்பட்டினம் பக்கத்தில் காரைக்காலுக்கென்றே 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஓடுகிறது; வெட்டு ஒன்றும் அதிகமில்லை. மெயினை இறக்குவது நாமே.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. காரைக்காலிலும் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து மின்சாரம் போயிற்று. திரும்பி வந்ததும் பாய் கடை மேசையில் இடமில்லை. எல்லாரும் 'புயல்ல போர்டு போயிடுச்சு' என்று கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் போர்டுக்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே வலு குறைந்து, ஸ்டாண்ட்பை மின்சாரத்தின் தயவில் காலம் தள்ளிக்கொண்டிருந்த செல்களெல்லாம் தொடர்ந்து சில நாள் தனியே சுமந்ததில் ஒன்றாகச் செத்திருந்தன. சில பெட்டிகளில் செல் உட்காரும் கொக்கியில் பச்சை பூத்திருந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஒன்றில் கொக்கி தொட்டதும் ஒடிந்தது.

அந்த வாரத்தில் கணினியைவிடத் தொந்தரவு கொடுத்தது சிசிடிவி டிவிஆர்தான். அதற்குள்ளும் இதே கடிகாரம், இதே செல். மின்சாரம் திரும்பியபோது 2000 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழுந்து, அந்தத் தேதியிலேயே பதிவு செய்ய ஆரம்பித்திருக்கும். கேமரா ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஒரு கடையில் திருட்டு நடந்து, போலீஸ் 'இருபதாம் தேதி ராத்திரியைப் போடுங்க' என்றபோதுதான் இருபதாம் தேதி என்று ஒன்று பெட்டிக்குள் இல்லவே இல்லை என்று தெரிந்தது. பதிவு இருந்தது, பதினெட்டு வருடம் பின்னால் இருந்தது. அன்றிலிருந்து பாய் எந்த டிவிஆரிலிருந்து காட்சி எடுத்துக்கொடுத்தாலும், பெட்டி காட்டிய மணி, தன் கைபேசி காட்டிய மணி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். நீதிமன்றத்துக்குப் போகிற மின்னணுச் சான்றுக்குப் பழைய சட்டத்தில் 65பி, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 63ஆம் பிரிவு என்று சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தத் தாள் அப்போது உதவும்.

"நெட்டுலதான் டைம் தானா வந்துடுமே, செல் எதுக்கு?" என்று இப்போது பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தனியாக இயங்குகிற விண்டோஸ் கணினிக்கு அதன் நேரச் சேவையில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 54,000 நொடி, அதாவது 15 மணி நேரம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், இணையம் சொல்வதைத்தான் அது சந்தேகப்படும். தன் கடிகாரத்தை மாற்றாது. லினக்ஸ் பக்கத்திலும் பழைய என்டிபி நிரலுக்கு ஆயிரம் நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் கோபித்துக்கொண்டு வெளியேறிவிடுகிற வழக்கம் உண்டு; முதல் தடவை மட்டும் பொறுத்துக்கொள் என்று அதற்குத் தனியே சொல்ல வேண்டும். இடையில் பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் வராது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்த வருடம் கொடுத்தது; கணினிக்கோ இன்னும் 2009. நாளை பிறக்கப்போகிற சான்றிதழை இன்று எப்படி நம்புவது என்று அது மறுக்கிறது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யக் கடைசி நாளன்று 'சைட் டவுன் பாய்' என்று பதறி ஓடிவந்த கணக்கர்களில் சிலருக்கு முப்பது ரூபாய்ச் செல்லில் காரியம் முடிந்திருக்கிறது.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. ஐந்தரை மணிக் கதைதான் ருசியானது.

தை பிறந்த புதிதில் ஒரு நாள் திருநள்ளாற்றிலிருந்து ஒரு ஜோதிடர் போன் செய்தார். "பாய், லக்னம் தப்பா விழுது." ஜாதகம் கணிக்கிற மென்பொருளைச் சொன்னார். பிறந்த தேதி கொடுத்துக் கணித்தால் சரியாக வருகிறது. பிரசன்னம் பார்த்தால்தான் தப்பு. பிரசன்னம் என்பது கேள்வி கேட்கிற அந்தக் கணத்துக்குப் போடுகிற ஜாதகம். மென்பொருள் அந்தக் கணத்தைக் கணினியின் கடிகாரத்திடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். காலை பதினொரு மணிக்கு மீன லக்னம் நடக்க வேண்டும், திரையில் தனுசு. இரண்டுக்கும் அதிபதி குரு என்பதால் முதல் இரண்டு மூன்று பேருக்குச் சொன்ன பலனில் பெரிய முரண் தெரியவில்லையாம். நான்காவதாக வந்தவருக்குச் சந்திரன் நின்ற பாவம் இடித்தபோதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

பாய் போய்ப் பார்த்தார். திரையோரத்தில் மணி 5:32. கைபேசியில் 11:02. செல் 3.1 வோல்ட், அப்பழுக்கில்லை. "ஐயா, தம்பி ஊர்லேர்ந்து வந்திருந்தாரா?" வந்திருந்தார். பொங்கல் விடுமுறைக்கு வந்த மகன் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பழகிவிட்டுப் போயிருக்கிறார்.

விஷயம் இதுதான். அந்தச் சிப்பில் இருப்பது வெறும் எண்கள். 05:32 என்று இருந்தால் அது இந்திய நேரமா, லண்டன் பக்கத்து உலகப் பொது நேரமான யூடிசியா என்று சொல்ல அதில் இடமே கிடையாது. 1984இல் யாரும் அதை யோசிக்கவில்லை. டாஸ் காலத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அப்படியே தட்டினார்கள். விண்டோஸ் அந்த வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. சிப்பில் இருப்பது உள்ளூர் மணி என்றே எடுத்துக்கொள்ளும். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ், யூடிசி என்று எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்டிக் காட்டும். மகன் லினக்ஸை இணையத்தோடு ஓட்டியபோது அது சரியான நேரத்தைத் தெரிந்துகொண்டு, சிப்பில் யூடிசியை எழுதிவைத்தது. இணைய நேரத்தோடு ஒத்திசைந்திருக்கும்போது லினக்ஸ் கர்னல் பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி எழுதும். அவர் ஊருக்குப் போனபின் அப்பா விண்டோஸைத் திறந்தார். விண்டோஸ் எழுந்திருக்கும்போது சிப்பிடம் மணி கேட்டது, 'ஐந்தரை' என்றது சிப்பு, இந்திய நேரம் ஐந்தரை என்று வைத்துக்கொண்டது.

பாய் ஜோதிடருக்கு விளக்கிய விதம் வேறு. "வாக்கியத்துல எழுதிவச்சதைத் திருக்கணிதம்னு நினைச்சு வாசிக்குதுங்கய்யா."

திருநள்ளாற்றுக்காரருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வாக்கியமும் திருக்கணிதமும் இருவேறு பஞ்சாங்கக் கணக்குகள்; சனீஸ்வரன் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. அங்கே சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 டிசம்பர் 20 மாலை 5:20க்கு. அந்த நிமிடத்துக்காக லட்சக்கணக்கானோர் ஊருக்குள் நின்றார்கள். திருக்கணிதப்படி சனி அதே வருடம் ஜனவரியிலேயே கும்பத்தில் ஏறியாயிற்று. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று எங்கும் பேச்சுக் கிளம்பியபோது, அது எங்கள் கணக்கில் இல்லை, அடுத்த ஆண்டுதான் என்று கோயில் தரப்பிலிருந்து அறிவிக்க வேண்டிவந்தது. பஞ்சாங்கத்தின் அட்டையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மதர்போர்டுச் சிப்புக்கு அட்டை கிடையாது. அட்டை இயங்குதளத்திடம் இருக்கிறது, ஒவ்வோர் இயங்குதளமும் ஓர் அட்டை வைத்திருக்கிறது.

லினக்ஸில் அந்த அட்டை உண்மையிலேயே ஒரு சின்னக் கோப்பு. அட்ஜ்டைம் என்று பெயர், மூன்றே வரி. முதல் வரியில் சிப்புக் கடிகாரம் நாளொன்றுக்கு எத்தனை நொடி தவறுகிறது என்ற கணக்கு. மூன்றாவது வரியில் யூடிசி அல்லது லோக்கல் என்று ஒரே சொல். அதை லோக்கல் என்று மாற்றினால் லினக்ஸ் விண்டோஸுக்கு விட்டுக்கொடுத்துப் போகும், ஆனால் இந்த முறைக்கு முழு ஆதரவு இல்லை என்று எச்சரிக்கையும் காட்டும். எதிர்ப்பக்கம் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யூனிவர்சல்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்து ஒன்று என்று வைத்தால், விண்டோஸ் யூடிசிக்கு இறங்கிவரும். எது சரி? புத்தகத்தைக் கேட்டால் இரண்டாவதுதான். சிப்பில் யூடிசி, திரையில் ஊர் மணி என்பதுதான் சுத்தமான ஏற்பாடு. பாய் மட்டும் வாடிக்கையாளர் வீட்டில் முதலாவதைச் செய்துவிட்டு வருவார். காரணம் தொழில் சார்ந்தது. ஒரு வருடத்தில் யாராவது விண்டோஸை ஃபார்மட் அடித்துத் திரும்பப் போடுவார்கள், ரெஜிஸ்ட்ரியில் சேர்த்தது காணாமல் போகும், பழியும் போனும் அவருக்கு வரும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுத்தமான ஏற்பாடு சுத்தமாக வைத்திருப்பவர்கள் வீட்டில்தான் நிற்கும்.

ஒரே ஒரு வகைக் கணினிக்கு மட்டும் அவர் இந்த விதியை மாற்றிக்கொள்வார்: பிரான்சிலிருந்து வருகிறவை. காரைக்காலில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், வீடுகள் நிறைய. பிள்ளைகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு அஸெர்ட்டி கீபோர்டுள்ள மடிக்கணினியோடு வருவார்கள். பிரான்சில் மார்ச் கடைசி ஞாயிறு மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். சிப்பில் உள்ளூர் மணி இருந்தால் அதையும் யாராவது திருத்தியாக வேண்டும். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் விண்டோஸ் ஒரு தடவை ஒரு மணி குறைக்கும். அதைத் தெரியாமல் மற்றதும் குறைத்தால் இரண்டு மணி போய்விடும். சிப்பில் யூடிசி இருந்தால் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. அதனால் அப்படிப்பட்ட மடிக்கணினிகளில் ரெஜிஸ்ட்ரி வழிதான். இங்கே வந்தால் டிசம்பரின் பாரிஸ் மணியோடு நான்கரை மணி கூட்டிக் காட்டும், ஊர் திரும்பினால் தானாகச் சரியாகும்.

2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின், பூவம் தாண்டி பொறையார், தரங்கம்பாடியிலிருந்தும், வாஞ்சூர் தாண்டி நாகூரிலிருந்தும் மாணவர்கள் காரைக்காலுக்கு அந்தக் கணினிகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி அரசு என்பதால் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் அவை இல்லை. ரிப்பேர் மட்டும் இங்கே. விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. பையன்கள் சும்மா இருப்பார்களா? கல்லூரி ஹாஸ்டலில் யாரிடமோ பென்டிரைவ் வாங்கி வேறு லினக்ஸ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஐந்தரை மணிப் புதிரோடு கூடவே இன்னொன்றும் வரும். ஆன் செய்யும்போது 'கடைசியாக மவுண்ட் செய்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது' என்று சொல்லி டிஸ்க் முழுக்கச் சோதிக்கத் தொடங்கி, பல நிமிடம் கறுப்புத் திரை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி, புது டிஸ்க்குக்கு அப்பாவிடம் பணமும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. விண்டோஸ் எழுதிவைத்த இந்திய மணியை யூடிசி என்று படித்தால், லினக்ஸுக்கு இப்போது ஐந்தரை மணி நேரம் பிற்பாடு நடக்கிறது. அந்த நினைப்பிலேயே டிஸ்க்கைத் திறந்து நேரத்தைக் குறித்துவைக்கும். பிறகு இணையத்தில் சரியான நேரம் கிடைத்துச் சிப்பையும் திருத்திவிட்டால், அடுத்த தடவை ஆன் செய்யும்போது டிஸ்க்கில் குறித்த நேரம் இன்னும் வராத நேரமாகத் தெரியும். ஆன் ஆகிற வரிசையில் எது முன், எது பின் என்பதும் இதில் சேர்ந்துகொள்ளும். சிப்பில் இருப்பது உள்ளூர் மணி என்று சொல்கிற அந்த மூன்று வரிக் கோப்பே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க்கைச் சோதிப்பதோ அதற்கு முன்னால். இந்தக் கழுத்துப்பிடி தெரிந்தே டிஸ்க் சோதிக்கும் கருவியின் அமைப்புக் கோப்பில் 'கடிகாரத்தை நம்பாதே' என்று சொல்வதற்கு ஒரு வரி வைத்திருக்கிறார்கள். பாய் அந்த வரியைச் சேர்த்து, அட்ஜ்டைமையும் திருத்தி, டிஸ்க்குக்குக் கொண்டுவந்த பணத்தை அப்பாவிடமே கொடுக்கச் சொல்லி அனுப்பிய பையன்களில் ஒருவர் பிறகு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார்.

சமீபமாக வந்த வேலை கணினியே அல்லாத ஒன்று. வாஞ்சூர் பக்கத்து இறால் குட்டைக்கு ஒரு பொறியியல் மாணவர், ராஸ்பெரி பை 3 பலகையை வைத்து, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுகிற கருவி செய்திருந்தார். குட்டையில் ஆக்சிஜன் இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்னால் அடிமட்டம் தொடும். ஏரேட்டரை எப்போது ஓட்டுவது என்பது அந்த நேரத்தை வைத்துத்தான். பதிவேட்டில் சில நாள் அந்த அடிமட்டம் இரவு இரண்டே கால் மணிக்கு விழுந்திருந்தது. குட்டைக்காரர் ஆக்சிஜன் மானியைத் திட்டினார். மாணவர் அதை மாற்றியும் பார்த்துவிட்டார்.

பை 3இல் சிப்புக் கடிகாரமே கிடையாது. விலையைக் குறைக்க விட்டுவிட்டார்கள். பேட்டரி இணைப்போடு கடிகாரம் வந்தது 2023இன் பை 5இல்தான். அதற்குப் பதிலாக 'ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்' என்று ஒரு சிறு நிரல் இருக்கும். மணிக்கு ஒரு தடவையும் அணைக்கும்போதும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். ஆன் ஆகும்போது அந்தக் கோப்பில் உள்ளதையே இப்போதைய நேரமாக வைக்கும். இணையம் இருந்தால் உடனே திருத்திக்கொள்ளலாம். குட்டைக்கரையில் இணையம் இல்லை. இரவு இரண்டரைக்கு மின்சாரம் போய் ஐந்தரைக்கு வந்தால், கருவிக்கு அப்போதும் இரண்டேகால்தான்.

டிஎஸ்3231 சிப்புள்ள சிறு பலகை ஒன்றைப் பாய் தேர்ந்தெடுத்தார். சாதாரணக் கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகினாலே மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தவறும். 25 டிகிரியிலிருந்து விலக விலக, வெயிலிலும் குளிரிலும் அது மெதுவாகத்தான் ஓடும். குட்டைக்கரைத் தகரப்பெட்டிக்குள் சித்திரை மாதம் 45 டிகிரி வந்தால் அதனால் மட்டுமே தினம் ஒரு நொடிக்கு மேல் பிந்தும். டிஎஸ்3231 தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் தவறும். பையின் அமைப்புக் கோப்பில் இந்தச் சிப்பின் பெயரைச் சேர்த்து, பொய்க் கடிகார நிரலை நீக்கி, சிப்பில் யூடிசி எழுதி, இணைப்பைப் பிடுங்கி அரைமணி கழித்து மறுபடி மாட்டி மணி பார்த்தார்கள். சரியாக இருந்தது.

அதற்கு முன், பலகையில் செல் மாட்டும்போது மாணவர் சாதாரண சிஆர்2032ஐ நீட்டினார். பாய் கையைத் தடுத்தார். சந்தையில் கிடைக்கிற அந்தப் பலகை, சார்ஜ் ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032 செல்லுக்காகச் செய்தது. ஐந்து வோல்ட்டில் ஓட்டினால் செல்லுக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏற்கக்கூடாத சிஆர்2032 அதில் உப்பும், வெடிக்கவும் கூடும். செல்லுக்குப் போகிற வழியில் டயோடுக்குப் பக்கத்தில் இருந்த 200 ஓம் ரெசிஸ்டரைச் சாலிடரிங் அயர்ன் நுனியால் தொட்டு எடுத்து, மல்டிமீட்டரில் அந்தத் தடம் அறுந்ததை உறுதி செய்துவிட்டு, "இப்ப போடு" என்றார்.